வேலியோரத்தில் பூண்டு மணம்: இது எந்தப் பூண்டு?

வெருலம்_மருமகள் · அக்டோபர் 3, மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலத்திலிருந்து எழுதுகிறேன். மாமியார் தவறிய பிறகு அவருடைய அலமாரியை ஒழித்தபோது அடியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. அவருடைய அம்மா, அதாவது என் கணவரின் ஆயா, தமிழில் எழுதி வைத்த சமையல் குறிப்புகள். பாதிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “காசில்லாத வாரம். பருப்பைக் குழைய வேகவிட்டு, வேலிப்பூண்டு ஒரு பிடி கிள்ளிப் போட்டு, காய்ந்த மிளகாய் தாளிக்க.”

எங்கள் கொல்லையில் கம்பி வேலியை ஒட்டி வரிசையாகப் பதினொரு புதர்கள் இருக்கின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. இலை புல்லைப் போல நீளமாக, ஒல்லியாக இருக்கும். சில புதர்களில் மட்டும் இளம் ஊதா நிறப் பூங்கொத்து. இன்று காலை ஓர் இலையைக் கசக்கினேன், அப்படியே பூண்டு மணம். அடுத்தடுத்துப் பதினொன்றையும் கசக்கிப் பார்த்தேன். பதினொன்றும் பூண்டுதான்.

ஆயா சொன்ன வேலிப்பூண்டு இதுதானா? ஞாயிற்றுக்கிழமை பருப்பில் போடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன். அதே கொல்லையில் தானாக முளைத்த வேறு சில களைகளும் இருக்கின்றன: முள்ளுள்ள ஒரு கீரை, தரையோடு படரும் சதைப்பற்றான சிவப்புத் தண்டு ஒன்று, வெள்ளைப் பூவும் பச்சைக் காயும் உள்ள சின்னச் செடி ஒன்று. அவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ரசப்பிரியன் · அக்டோபர் 3, மாலை 7:05

அக்கா, பூண்டு மணம் வந்தால் பூண்டுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டர்பன் முழுக்கச் சாலை நடுவே நட்டு வைத்திருக்கிறார்களே, அதே செடி. என் வீட்டிலும் இருக்கிறது. முட்டைப் பொரியலில் போட்டுப் பாருங்கள், விடமாட்டீர்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · அக்டோபர் 3, இரவு 8:30

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். செடியைப் பார்ப்பதற்கு முன் சொல்லைப் பார்க்க வேண்டும்.

தமிழில் பூண்டு என்பது முதலில் சிறு செடியைக் குறிக்கும் பொதுச்சொல். “புல் பூண்டுகூட முளைக்காத நிலம்” என்கிறோமே, அங்கே யாரும் ரசத்துக்கு உரிக்கும் பூண்டை நினைப்பதில்லை. வெட்டுக்காயப்பூண்டு என்று ஒரு களை இருக்கிறது. நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெளிர் இதழுமாகப் பூக்கும். டர்பன் புல்தரைகளிலும் உண்டு. அதைக் கசக்கினால் பூண்டு மணம் துளியும் வராது. மணக்கும் பூண்டைப் பிரித்துக் காட்டத்தான் வெள்ளைப்பூண்டு, வெள்ளுள்ளி என்றெல்லாம் முன்னொட்டு வந்தது. நம் பிள்ளைகள் கடையில் வாங்கும் பொருளை மட்டும் பூண்டு என்று கற்றுக்கொண்டதால் பழைய குறிப்புகளைப் படிக்கும்போது தடுமாறுகிறார்கள்.

ஆகவே மகளே, வேலிப்பூண்டு என்று ஆயா எழுதியது “வேலியோரத்துப் பூண்டு மணச்செடி” என்றும் இருக்கலாம், “வேலியோரத்துக் களைக்கீரை” என்றும் இருக்கலாம். அதே நோட்டில் கடைப் பூண்டை அவர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள்.

வெருலம்_மருமகள் · அக்டோபர் 3, இரவு 9:12

பார்த்தேன் ஐயா. ரசம், ஊறுகாய், மீன் குழம்பு எல்லாவற்றிலும் “வெள்ளைப்பூண்டு 6 பல்” என்று பல் கணக்கோடு எழுதியிருக்கிறார். வேலிப்பூண்டு அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. இப்போது குழப்பம் கூடிவிட்டது!

மாரிட்ஸ்பர்க்_நாற்றங்கால் · அக்டோபர் 4, காலை 5:50

முதல் படத்தில் பூவோடு இருப்பது நிச்சயமாகக் காட்டுப்பூண்டுதான். தாவரப் பெயர் துல்பாகியா வயலேசியா. நம் குவாசுலு நட்டால் மாகாணமும் கிழக்குக் கேப் மாகாணமும் இதன் சொந்த மண். 1751 முதல் 1771 வரை கேப் குடியேற்றத்தில் டச்சு ஆளுநராக இருந்த ரைக் துல்பாக் என்பவரின் பெயரைத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்தார். ஜூலு மக்கள் இசிஹாக்கா என்பார்கள். நடுவில் நாக்கால் ஒரு சொடுக்கு உண்டு, எனக்கு இன்னும் சரியாக வருவதில்லை. இலையையும் பூவையும் கீரையாகச் சமைப்பார்கள், இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் காரமாகச் சேர்ப்பார்கள். பாம்பு அண்டாது என்று வீட்டைச் சுற்றி நடுவதும் உண்டு.

ஆனால் “பதினொன்றையும் கசக்கினேன், பதினொன்றும் பூண்டு” என்ற வரி எனக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. முதல் இலையைக் கசக்கியதுமே உங்கள் விரல் பூண்டாகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் வாழை இலையைக் கசக்கியிருந்தாலும் பூண்டுதான் மணத்திருக்கும். இலை கிழியும்போது நொதியும் கந்தகச் சேர்மமும் ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்த மணம் எழுகிறது. தோலில் பட்டால் சோப்பு போட்டும் எளிதில் போகாது. வெள்ளைப்பூண்டு உரித்த கையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் இரண்டாவது படத்தில், வலது பக்கம் பூவில்லாமல் இருக்கும் புதர்களின் பச்சை கொஞ்சம் அடர்ந்து, பளபளப்பாகத் தெரிகிறது. வெளிச்சமாகவும் இருக்கலாம், வேறு செடியாகவும் இருக்கலாம். இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு புதருக்கும் ஓர் எண் கட்டுங்கள். கையால் தொடாமல், புதரொன்றுக்குப் புதிய காகிதத் துண்டு ஒன்று என வைத்து, அதற்குள் இலையை மடித்து நசுக்குங்கள். மோந்து பார்ப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம், நேற்று முழுக்கப் பூண்டு முகர்ந்த மூக்கு அது. பிறகு ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் குறுக்கே வெட்டிப் படம் எடுங்கள். ஓரத்தில் மண்ணை விலக்கி அடிப்பகுதியையும் காட்டுங்கள்.

அதுவரை சமைக்க வேண்டாம்.

ரசப்பிரியன் · அக்டோபர் 4, காலை 7:15

அண்ணன் சும்மா பயமுறுத்துகிறார். பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிறேன், நான் என்ன செத்தா போய்விட்டேன்?

மாரிட்ஸ்பர்க்_நாற்றங்கால் · அக்டோபர் 4, காலை 7:40

உங்கள் புதர் நல்ல புதர், அவ்வளவுதான். அவர் வேலிக்கு நீங்கள் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?

டோங்காட்_தம்பி · அக்டோபர் 4, காலை 9:02

இடையில் ஒரு சந்தேகம். இது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அம்மா சனிக்கிழமை வெங்காயம், பூண்டு இரண்டையும் சேர்க்கமாட்டார். இந்தக் காட்டுப்பூண்டு விரதத்துக்கு ஆகுமா? வெள்ளைப்பூண்டு இல்லை, வெறும் இலைதானே என்று அண்ணி வாதாடுகிறார். வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · அக்டோபர் 4, காலை 9:20

மணத்துக்காக விலக்கியதை மணத்துக்காகவே சேர்த்துக்கொண்டு, வேறு செடி என்று சொல்வது வக்கீல் வாதம். அம்மா பக்கம் நில்லுங்கள், சனிக்கிழமை சோறாவது கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த்_ஆயா · அக்டோபர் 4, மதியம் 2:15

பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல. பூண்டுச் சண்டையில் அந்தப் பெண் கேட்ட கீரைகளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

முள்ளுள்ளது முள்ளுக்கீரை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஊசி போல இரட்டை முள் இருக்கும். நுனி இளசாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும், முள் இறுகினால் கோழிக்குக்கூட ஆகாது. முள்ளில்லாமல், இலை நுனியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அது குப்பைக்கீரை. எல்லாம் முளைக்கீரையின் பங்காளிகள். ஜூலுவில் இம்புயா. கீரை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் இமிஃபினோ என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு எல்லாமே “ஹெர்ப்ஸ்”தான், சிவப்பு ஹெர்ப்ஸ், பச்சை ஹெர்ப்ஸ். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் நாங்கள் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு ஜூலு அம்மாவும் என் அம்மாவும் ஒரே பள்ளத்தில்தான் கீரை பறிப்பார்கள். அவர்கள் சோள மாவுக் களியோடு சேர்த்துக் கிண்டுவார்கள், நாங்கள் பருப்போடு கடைவோம். 1960-களில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த அரசு எங்களை அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது அம்மா சட்டி பானைக்கு முன்னால் முருங்கைக் கொம்பு ஒன்றை வெட்டிச் சாக்கில் சுற்றினார். புது வீட்டு மண்ணில் முதலில் முளைத்தது அது இல்லை, குப்பைக்கீரைதான். யாரும் நடவில்லை.

சிவப்புத் தண்டு படர்வது பருப்புக்கீரை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் தண்டை ஒடித்துப் பார். தண்ணீர் போலக் கசிந்தால் பருப்புக்கீரை. பால் வந்தால் கையைக் கழுவிவிட்டு வா, அது வேறு ஜாதி, வாயில் வைக்காதே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் படரும், கண்ணாலே பார்த்துப் பறித்தால் ஏமாந்துபோவாய்.

வெள்ளைப் பூ, பச்சைக் காய், அது மணத்தக்காளி. இங்கே உம்சோபோ. காய் கொத்தாகத் தொங்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது தொடாதே. நன்றாகக் கறுத்துப் பழுத்த பிறகு பிள்ளைகள் தின்னலாம், பாகு காய்ச்சலாம். இலையை வேகவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கடைவேன்.

எங்கே பறிக்கிறாய் என்பதும் முக்கியம். சாலையோரத்தில் பறிக்காதே. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து நடைபாதை ஓரமெல்லாம் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போனார்கள். அறிவிப்பு கிடையாது. மறுநாள் காலை ஒருத்தி அதே இடத்தில் பையோடு நின்று கிள்ளிக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கொட்டினேன்.

மாரிட்ஸ்பர்க்_நாற்றங்கால் · அக்டோபர் 4, மாலை 6:10

ஆயா சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பதற்கு இரண்டுதான் இருக்கிறது.

ஒன்று ஊமத்தை. இங்கே மல்பிட் என்பார்கள், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பைத்தியக்கார விதை என்று பொருள். பூவும் முள்காயும் வந்த பிறகு எல்லோருக்கும் தெரியும். நாற்றாக இருக்கும்போது முளைக்கீரைக்கு நடுவிலேயே, அதே எருக்குப்பையில் முளைத்து நிற்கும். கைநிறைய அள்ளிப் பறிக்கும் பழக்கம்தான் ஆபத்து. ஒவ்வொரு நுனியாகக் கிள்ளினால் கண்ணில் பட்டுவிடும். கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். தின்றால் வாய் உலரும், கண்பாவை விரியும், பிதற்றல் வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மோர் கொடுத்துப் படுக்கவைப்பதெல்லாம் கூடாது.

இன்னொன்று செனேசியோ என்ற மஞ்சள் பூக் களைகள். இது மெதுவாகக் கொல்லும். கேப்பில் ஜார்ஜ் வட்டாரத்தில் கோதுமையோடு இதன் விதையும் கலந்து, மாவாகி, ரொட்டியாகி, கல்லீரல் கெட்டு மக்கள் இறந்ததை 1920-ல் இரண்டு மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள். அன்றைக்குத் தின்றால் அன்றைக்கே தெரியாது. “நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சு எனக்கு ஆகாததற்கு இதுதான் காரணம், ரசப்பிரியன்.

வெருலம்_மருமகள் · அக்டோபர் 5, காலை 10:25

செய்துவிட்டேன். துணி காயப்போடும் கிளிப்பில் எண் எழுதி ஒவ்வொரு புதரிலும் மாட்டினேன். சமையலறைக் காகிதத்தைப் பதினொரு துண்டாக்கி, துண்டுக்கு ஓர் இலை மடித்து, கரண்டிக் காம்பால் நசுக்கினேன். மகளைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி, வரிசை மாற்றி மாற்றி மூக்கில் காட்டினேன். பன்னிரண்டு வயது. முதலில் சிரித்துக்கொண்டே இருந்தாள். “பூண்டு. பூண்டு. ஐயோ, பூண்டு.” பிறகு ஒன்றில் நின்றாள். “இது புல்.” மறுபடி காட்டினேன். “புல்தான் அம்மா, புல் வெட்டினால் வருமே, அது.”

7, 9, 10. மூன்று புதர்களில் மணமே இல்லை. நம்பாமல் மதியம் புதுக் காகிதத்தில் மீண்டும் செய்யப்போகிறேன், ஆனால் எனக்கே தெரிந்துவிட்டது. அந்த மூன்றிலும் பூ கிடையாது. வெட்டிப் பார்த்தால் மற்ற எட்டின் இலை தட்டையாக இருக்கிறது. இந்த மூன்றின் இலை தடித்து, ஒரு பக்கம் மட்டும் வாய்க்கால் போலக் குழிந்து, கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கிறது. அடியைத் தோண்டினேன். எட்டில் ஒன்றைக் கிளறியபோது கிழங்கு என்று தனியாக எதுவும் உருண்டு வரவில்லை, வெள்ளையாகச் சதைப்பற்றான வேர்கள்தான் விரல் விரலாக நிற்கின்றன. ஏழாம் எண்ணின் அடியில் மட்டும் பழுப்புத் தோல் உரியும் சின்ன வெங்காயம் போல ஒன்று. அழகாகக் கொத்தாக இருந்தது. நேற்று இதை முதலில் தோண்டியிருந்தால், இதுதான் அசல், மற்றவைதான் போலி என்று நினைத்திருப்பேன்.

ரசப்பிரியன் · அக்டோபர் 5, காலை 10:40

அது காட்டு வெங்காயமாக இருக்குமோ?

மாரிட்ஸ்பர்க்_நாற்றங்கால் · அக்டோபர் 5, காலை 11:05

வெங்காயக் குடும்பம் என்றால் மணம் வர வேண்டும். வெங்காய உருவம் இருந்து வெங்காய மணம் இல்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். நம் நாட்டில் குமிழ் உள்ள நஞ்சுச் செடிகள் ஏராளம், துல்ப் என்று விவசாயிகள் சொல்லும் செடி மாட்டையே சாய்க்கும்.

உங்களுடையது துல்ப் இல்லை என்று நினைக்கிறேன். படத்தைப் பார்த்தால் தோட்டத்து மழை லில்லி போல இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரச் செடி. யாரோ ஓரத்தில் நட்டிருப்பார்கள், குமிழ் பிரிந்து நகர்ந்து காட்டுப்பூண்டு வரிசைக்குள் புகுந்திருக்கும். அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் வாந்தி பிடுங்கும். கொதித்தால் போய்விடும் என்று நம்பக்கூடாது. பூ வந்தால்தான் முடிவாகச் சொல்வேன். மழை பெய்யட்டும், தானாகப் பூக்கும்.

எட்டுப் புதர்களை இப்போது தாராளமாகச் சமைக்கலாம். இலை போதும், அடிப்பகுதியை விட்டுவிடுங்கள். நிறையத் தின்றால் வயிற்றைப் பிசையும். ஒரு பிடி என்று ஆயா எழுதியது சரியான அளவுதான். பருப்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள், முதலிலேயே போட்டால் மணம் ஓடிவிடும். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதைப் படிக்கும் யாரும் மலையோரத்தில் தோண்டிக்கொண்டு வராதீர்கள். மருந்துக்கென்று தோண்டித் தோண்டி ஏற்கெனவே அங்கே போதும் போதும் என்றாகிவிட்டது. நாற்றுப் பண்ணையில் மலிவாகவே கிடைக்கிறது, ஒரு புதர் வாங்கினால் அடுத்த வருடமே பிரித்து நடலாம்.

வெருலம்_மருமகள் · அக்டோபர் 5, இரவு 8:50

நோட்டு விஷயமும் தீர்ந்தது. டோங்காட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஆயாவின் மூத்த மகள், எண்பதைத் தாண்டியவர். வேலிப்பூண்டு என்றதும் சிரித்தார். கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தபோது, பாம்பு வராமல் இருக்கப் பக்கத்தில் வேலை செய்த ஜூலு அம்மா கொடுத்து நட்டதாம். மாதக் கடைசியில் கடையில் பூண்டு வாங்கக் காசிருக்காது. ஆயா வேலிக்குப் போய்க் கிள்ளிக்கொண்டு வந்துவிடுவார். வெருலத்துக்கு வந்தபோது அந்தப் புதரிலிருந்துதான் பிரித்துக்கொண்டு வந்தாராம்.

“மழை லில்லி?” என்று கேட்டேன். “அது உன் மாமியார் வேலை. கல்யாணமான புதிதில் பூந்தொட்டி வாங்கி வாங்கி வைப்பாள். உங்கள் ஆயாவுக்குப் பிடிக்காது. பூவைத் தின்ன முடியுமா என்பார்.”

ஆக வாத்தியார் ஐயா, ஆயாவின் பூண்டு இரண்டு பொருளிலும் பூண்டுதான் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · அக்டோபர் 5, இரவு 9:15

ஒத்துக்கொள்கிறேன். அந்த நோட்டை மட்டும் எண்ணெய் படாத இடத்தில் வையுங்கள் மகளே, இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள்.

வெருலம்_மருமகள் · அக்டோபர் 9, காலை 6:55

திங்கட்கிழமை இரவெல்லாம் மழை கொட்டியது. இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்தால் 7, 9, 10 மூன்றிலும் வெள்ளைப் பூ. ஒவ்வொரு தண்டிலும் ஒற்றைப் பூ, ஆறு இதழ், நடுவில் மஞ்சள். கிளிப் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

மூன்றையும் எடுத்து முன்வாசல் தொட்டியில் வைத்துவிட்டேன். மாமியார் வைத்தது, தூக்கியெறிய மனமில்லை. தொட்டியில் “தின்னக்கூடாது” என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பருப்பு செய்தேன். வெள்ளைப்பூண்டு மாதிரி இல்லை. கடித்தால் முதலில் வெங்காயத்தாள், பிறகு மெதுவாக மிளகுக் காரம். பெரியம்மாவுக்கு ஒரு டப்பா அனுப்பினேன். உப்பு குறைவு என்றார்.

ரசப்பிரியன் · அக்டோபர் 9, காலை 7:30

என் வீட்டில் ஒன்பது புதர். பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட ஒவ்வொன்றாக மோந்து பார்த்ததில்லை. கிளிப்பையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு இப்போதுதான் இறங்குகிறேன். மனைவி சன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ரசப்பிரியன் · அக்டோபர் 9, காலை 8:20

எட்டு பூண்டு. ஒன்று புல்.